பிள்ளைகளின் குரல் ஓர் அமானிதம்

(ஜேடர்பாளையத்தில் நிகழ்த்தப்பட்ட ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் இறுதித் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



கேட்கத் தெரியாத உரிமையாளர்

கடன் கொடுத்தவர் தவணை தவறினால் வாசலில் வந்து நிற்கிறார். கூலி பாக்கி இருந்தால் தொழிலாளி முதலாளியைத் தேடி வருகிறார். பாகப் பிரிவினையில் குறை நேர்ந்தால் சகோதரி ஜமாஅத்தாரிடம் முறையிடுகிறார். உரிமை உடையவர் ஒவ்வொருவருக்கும் அதைக் கேட்க ஒரு நாவும் உண்டு. ஏறிச் செல்ல ஒரு படியும் உண்டு. ஆனால் உரிமைகள் நிரம்ப இருந்தும் அவற்றைக் கேட்கத் தெரியாத ஓர் உரிமையாளர் நம் வீட்டிலேயே இருக்கிறார். அவர்தாம் பிள்ளை.

பிள்ளைக்குரிய உரிமைகளை நம் ஃபிக்ஹு நூல்கள் தனித்தனிப் பாடங்களாக வகுத்துப் பேசுகின்றன. தந்தையின் வம்சத்தில் சேரும் நஸப், பால் குடிக்கும் உரிமையான ரளாஅத், அரவணைத்து வளர்க்கப்படும் ஹளானத், உணவு உடை உறைவிடம் பெறும் நஃபகா, தன் உடைமைக்கும் தனக்கும் காப்பாளரைப் பெறும் விலாயத் என அவை விரிகின்றன. இப்பாடங்களை ஓதும் மாணவர் ஒரு செய்தியைக் கண்டுகொள்வார். இவற்றுள் எதையும் பிள்ளை நேரில் வந்து கேட்க வேண்டும் என்று ஷரீஅத் எதிர்பார்க்கவில்லை. பிள்ளையின் சார்பில் வேறொருவர் எழுந்து நிற்க வேண்டும்.

அந்த வேறொருவரின் பணியைத்தான் இன்று குழந்தை உரிமைப் பரப்புரை என்று அழைக்கின்றனர். பிள்ளைகளுக்கு நேரும் அநீதியை ஆராய்ந்து எழுதுவது, அதிகாரிகளிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் எடுத்துரைப்பது, செய்தித்தாளுக்குத் தகவல் தருவது, ஊர்தோறும் விழிப்புணர்வு ஊட்டுவது ஆகியவை அதில் அடங்கும். சமூகப் பணியும் இதழியலும் பயின்ற நம் பிள்ளைகளில் சிலர் இத்துறைக்குச் செல்ல விரும்புகின்றனர். பெற்றோர்கள், "பேசுவதும் எழுதுவதும் ஒரு வேலையா ஹஜ்ரத்? அதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். இதற்கு மறுமொழி காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மதீனாவில் ஒலித்த அறிவிப்பு

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம். ஒரு வணிகக் கூட்டம் மதீனாவின் எல்லையில் இரவு தங்கியிருந்தது. கலீஃபா அவர்கள் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுடன் அங்கே காவல் புரிந்துகொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழும் ஓசை கேட்டது. தாயிடம் சென்று பிள்ளையைக் கவனிக்குமாறு கூறித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். மூன்றாம் முறை கடிந்துகொண்டபோது, பேசுபவர் யார் என்று அறியாத அத்தாய் உண்மையைச் சொல்லிவிட்டார். பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே உமர் மானியம் வழங்குகிறார். அதனால் இப்பிள்ளையைக் காலத்திற்கு முன்பே பால் மறக்கச் செய்கிறேன் என்றார்.

அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபா அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்காத அளவுக்கு அழுகை மேலிட்டது என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தொழுகை முடிந்ததும் ஓர் அறிவிப்பாளரை அழைத்தார்கள். பிள்ளைகளின் பால்குடியை மறக்கச் செய்ய எவரும் அவசரப்பட வேண்டாம். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறந்த நாள் முதலே மானியம் உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். எல்லாப் பகுதிகளுக்கும் அதை எழுதியும் அனுப்பினார்கள்.

சகோதரர்களே! இந்நிகழ்ச்சியைக் கலீஃபாவின் இரக்கத்திற்குச் சான்றாகப் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று வேறொரு கோணத்தில் பார்ப்போம். முதலில் ஓர் அழுகை. அந்த அழுகையின் காரணத்தைச் சொல்லும் ஒரு தாய். அதைக் காது கொடுத்துக் கேட்கும் ஓர் ஆட்சியாளர். பின்னர் ஒரு சட்டத் திருத்தம். இறுதியாக அதை ஊரெங்கும் கொண்டு செல்லும் அறிவிப்பாளரும் கடிதமும். ஒரு பிள்ளையின் பசி ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றிய வழி இதுதான். இதில் பேசுவதும் எழுதுவதும் எத்தனை பெரிய வேலை!

மற்றொன்றையும் கவனியுங்கள். அறிவிப்பாளர் ஊரெல்லாம் முழங்கியது சட்டத்தைத்தான். பிள்ளையின் பால்குடியை மறக்கச் செய்த தாய் இவர்தாம் என்று எவரையும் சுட்டிக்காட்டவில்லை. அத்தாயின் பெயரும் குழந்தையின் பெயரும் நம்மிடம் வந்து சேரவில்லை. குரல் உயர்ந்தது, முகம் மறைந்திருந்தது. இவ்விரண்டையும் நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள். இவ்வுரை முழுவதும் இவற்றைப் பற்றியதே.

ஐந்து பவுண்டு அபராதம்

இன்று உலக நாடுகள் ஏற்றுள்ள குழந்தை உரிமைச் சட்டத்தின் வரலாறும் ஓர் அழுகையிலிருந்தே தொடங்குகிறது. முதல் உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்தது. எனினும், தோற்ற நாடுகளான ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் உணவுப் பொருள் செல்லாதபடி வெற்றி பெற்ற நாடுகள் முற்றுகையைத் தொடர்ந்தன. அங்கே பிள்ளைகள் பட்டினியால் மெலிந்து மடிந்தனர். பிரிட்டனில் அவர்களைப் பற்றிப் பேசுவதே தேசத்துரோகம் போலப் பார்க்கப்பட்டது.

எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலப் பெண்மணி 1919-ஆம் ஆண்டில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் துண்டுப் பிரசுரங்களை வழங்கினார். பசியால் வாடிய ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படம் அதில் இருந்தது. அரசின் முன் அனுமதி பெறாமல் அச்சிட்டதற்காக அவர் கைது செய்யப்பட்டு, ஐந்து பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டார். அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரே அந்த ஐந்து பவுண்டை அவர் கையில் கொடுத்தார் என்பது வரலாறு. அதே ஆண்டு மே மாதம் அவரும் அவருடைய சகோதரி டாரதி பக்ஸ்டனும் சேர்ந்து 'சேவ் தி சில்ட்ரன்' என்ற அமைப்பைத் தொடங்கினர். பிள்ளைகளுக்கு உலகம் செய்ய வேண்டிய கடமைகளை ஐந்து அம்சங்களாக ஜெப் எழுதினார். அதனை 1924-இல் உலக நாடுகள் சங்கம் ஏற்றுக்கொண்டது. அதுவே ஜெனீவா பிரகடனம்.

அந்த விதை வளர்ந்து, 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமை உடன்படிக்கையாக மலர்ந்தது. இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று அதில் இணைந்தது. அதன் 12-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குகிறது. 16-ஆம் பிரிவு, பிள்ளையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. மதீனாவின் நிகழ்ச்சியில் நாம் கண்ட அதே இரண்டு!

பிள்ளையிடம் கருத்துக் கேட்பதா என்று நம்மில் சிலர் வியக்கலாம். நபி (ஸல்) அவர்களின் அவையில் ஒரு நாள் பானம் கொண்டுவரப்பட்டது. வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் முதியவர்கள். வலப்பக்கத்தாருக்கே முதலில் தர வேண்டும் என்பது முறை. முதியவர்களுக்கு முதலில் தரலாமா என்று அண்ணலார் அச்சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் என் பங்கை எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் அவர். அண்ணலார் கடிந்துகொள்ளவில்லை, கோப்பையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. நம் வீடுகளில் படிப்பு, விடுதி, திருமணம் என்று பிள்ளையின் வாழ்வையே முடிவு செய்யும்போது, ஒரு கோப்பைப் பானத்திற்குக் கேட்கப்பட்ட அந்த அனுமதியையேனும் நாம் கேட்கிறோமா?

சேலத்துத் தொட்டில்

தொலைவில் உள்ளதைப் பேசியது போதும். நம் மண்ணுக்கு வருவோம். நாமக்கல் தனி மாவட்டமாக 1997 ஜனவரி முதல் நாள் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் இந்த ஜேடர்பாளையமும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. இந்தியா குழந்தை உரிமை உடன்படிக்கையில் இணைந்த அதே 1992-ஆம் ஆண்டில், அந்தச் சேலத்தில்தான் தமிழக அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. பெண் பிள்ளையைக் கொல்ல வேண்டாம், அரசிடம் கொடுத்துவிடுங்கள் என்று பெற்றோரை வேண்டிக்கொண்டு தொட்டில் வைக்க வேண்டிய நிலை, காவிரி பாயும் இந்தச் சமவெளியில் இருந்தது.

பெண் பிள்ளை பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப்போகும் தந்தையின் மனநிலையை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 58, 59-ஆம் வசனங்கள் கண்டிக்கின்றன. மறுமை நாளின் காட்சிகளை விவரிக்கும் அத்தக்வீர் அத்தியாயத்தின் 8, 9-ஆம் வசனங்களோ, உயிரோடு புதைக்கப்பட்ட பெண் பிள்ளையிடம், எந்தப் பாவத்திற்காகக் கொல்லப்பட்டாள் என்று கேட்கப்படுவதைச் சொல்கின்றன. கொன்றவனை விட்டுவிட்டுக் கொல்லப்பட்ட பிள்ளையிடம் கேள்வி கேட்கப்படுவது ஏன்? கொன்றவனைத் தலைகுனியச் செய்யவே என விரிவுரையாளர்கள் விளக்குவர். உலகம் பறித்த நாவை அல்லாஹு தஆலா அப்பிள்ளைக்கு அந்நாளில் திருப்பிக் கொடுக்கிறான். அந்நாள் வரும்வரை இங்கே அவளுக்கு நாவாக இருக்க வேண்டியவர்கள் யார் என்பதே நம் முன் உள்ள கேள்வி.

அப்படி நாவாக இருக்க முயன்றவர்களின் அனுபவத்தில் நமக்குப் பாடங்கள் உள்ளன. 1986-இல் ஓர் ஆங்கில இதழ் உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக் கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. நாடு அதிர்ந்தது, மறைந்திருந்த கொடுமை வெளிச்சத்திற்கு வந்தது. கூடவே ஒரு வட்டாரத்தின் மீதும் ஒரு சமூகத்தின் மீதும் முத்திரை விழுந்தது. சேலத்திலும் தருமபுரியிலும் அதே கொடுமை இருந்தது பின்னர் தெரியவந்தபோதும், அந்த முத்திரை எளிதில் அழியவில்லை. சிலர் செய்த குற்றத்திற்காக ஒரு சமுதாயமே சுட்டிக்காட்டப்படும் வேதனையை நாம் அறியாதவர்களா?

1990-களின் பிற்பகுதியில் தருமபுரி மாவட்டத்தில் வேறொரு வழி கையாளப்பட்டது. உள்ளூர்க் கலைஞர்கள் 'கலைப்பயணம்' என்ற பெயரில் கிராமம் கிராமமாகச் சென்று, பெண் பிள்ளையின் வாழ்வைத் தெருமுனை நாடகமாக நடித்துக் காட்டினர். எந்த ஊரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், கேட்பவர் நெஞ்சைத் தொடும் முறை அது. தொட்டில் திட்டத்தைப் பற்றியும் விவாதம் எழுந்தது. பிள்ளையின் உயிர் காக்கப்படுகிறதே என்றனர் ஒரு சாரார். பெற்றோரின் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இது வழி திறந்துவிடாதா என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் பேசியது பிள்ளைக்காகவே.

2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 851 பெண் பிள்ளைகளே இருந்தனர். 2011-இல் அவ்வெண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. சட்டமும் தொட்டிலும் மருத்துவமும் கல்வியும் பரப்புரையும் சேர்ந்து செய்த வேலை அது. வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். கருவிலேயே பாலினம் அறிந்து அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதை மீறுவோர் பிடிபடும் செய்திகள் இன்றும் வருகின்றன.

குற்றவாளியின் குரல்

2019 ஏப்ரலில் நம் மாவட்டத்தின் ராசிபுரம் நாடெங்கும் பேசப்பட்டது நினைவிருக்கும். பச்சிளங் குழந்தைகளை, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்று பார்த்து விலை பேசும் தொலைபேசி உரையாடல் ஒன்றின் ஒலிப்பதிவு வெளியாகிக் கைப்பேசிகள் வழியே பரவியது. அதைத் தொடர்ந்து செவிலியர் உதவியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் உட்படப் பலர் கைது செய்யப்பட்டனர். வழக்கு சி.பி.சி.ஐ.டி. காவல் பிரிவுக்கு மாற்றப்பட்டது.

அந்தப் பதிவில் பரவியது விலை பேசியதாகச் சொல்லப்பட்டவரின் குரல். எந்தக் குழந்தையின் முகமும் அதில் இல்லை. கொடுமை அம்பலமாவதற்குப் பிள்ளையின் படம் தேவையில்லை என்பதற்கு நம் மாவட்டமே சான்று.

மறைக்க வேண்டியது எது?

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரியில் ஜம்முவின் கத்துவா மாவட்டத்தில், நாடோடி மேய்ப்பர் குடும்பத்தைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமி கடத்தப்பட்டுக் கொடூரமாகக் கொல்லப்பட்டாள். நம் சமுதாயம் துடித்தது. நீதி கேட்டு ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. அவளுடைய படமும் பெயரும் சுவரொட்டிகளிலும் கைப்பேசிகளிலும் கோடிக்கணக்கானோரிடம் சென்றன. எழுந்த குரல் நியாயமானது. வழக்கு பஞ்சாபின் பதான்கோட்டுக்கு மாற்றப்பட்டு, 2019 ஜூனில் அறுவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

ஆனால், அச்சிறுமியின் அடையாளத்தை வெளியிட்டதற்காக 2018 ஏப்ரலில் டில்லி உயர் நீதிமன்றம் பல ஊடக நிறுவனங்களைத் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்த உத்தரவிட்டது. அத்தொகை பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு நிதிக்குச் செல்ல வேண்டும் என்றும் பணித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதனைத் தெளிவாக்கியது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் அவருக்கு மானம் உண்டு. போராட்டத்தின் அடையாளச் சின்னமாக்குவதற்கும் அவர் பெயரை எடுத்தாளக் கூடாது.

சட்டம் இதில் கண்டிப்பானது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி ஆகியவற்றை ஊடகத்தில் வெளியிடத் தடை விதிக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவை மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இங்கே ஒரு குழப்பத்தை அகற்ற வேண்டியுள்ளது. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்துடைய நபிமொழி முஸ்லிம் நூலில் உள்ளது. பிள்ளைக்குக் கொடுமை இழைத்தவர் நம் உறவினராகவோ, ஊர்ப் பெரியவராகவோ, ஓதிக்கொடுப்பவராகவோ இருந்துவிட்டால், சிலர் உடனே இந்நபிமொழியை எடுத்துவருகின்றனர். ஜமாஅத்தின் மானம் போய்விடும், வெளியே சொல்லாதீர்கள் என்று பெற்றோரின் வாயை அடைக்கின்றனர். இது எவ்வளவு பெரிய அநீதி!

மறைக்க வேண்டியது பிள்ளையின் முகத்தை. கொடியவனின் செயலை அன்று. தனக்கும் தன் இறைவனுக்கும் இடையே ஒருவர் செய்துவிட்ட பிழை வேறு. பலவீனமான ஒருவர் மீது இழைக்கப்பட்ட அநீதி வேறு. முன்னதை மறைப்பது பண்பாடு. பின்னதை மறைப்பது சாட்சியத்தை மறைப்பதாகும். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்று அல்பகரா அத்தியாயத்தின் 283-ஆம் வசனம் எச்சரிக்கிறது. நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அநீதி இழைப்பவனுக்கு உதவுவது அவன் கையைப் பிடித்துத் தடுப்பதுதான் என்று அண்ணலார் விளக்கிய செய்தி புகாரியில் உள்ளது.

நாட்டுச் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல் துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. ஜமாஅத்தின் பஞ்சாயத்துக்கு உரிய விஷயம் அன்று அது. எந்த நிர்வாகியும், எந்த இமாமும் அதைச் சமரசம் செய்து முடித்துவைக்க உரிமை பெற்றவர் அல்லர்.

கைப்பேசியில் வந்த படம்

ஒரு நாள் மஃரிபுக்குப் பின் ஒரு சகோதரர் பதற்றத்துடன் வந்து கைப்பேசியைக் காட்டினார். ஏதோ ஒரு கடையில் வேலை செய்யும் சிறுவனை ஒருவர் அடிக்கும் காட்சி அதில் இருந்தது. பையனின் முகம் தெளிவாகத் தெரிந்தது. பெயர் சொல்லிக் கதறுவதும் கேட்டது. "ஹஜ்ரத், நம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். எல்லாரும் பார்க்கட்டும்" என்றார். அவருடைய கோபம் ஈமானின் அடையாளம். ஆயினும் நூறு பேர் பார்ப்பதால் அப்பையனின் அடி நின்றுவிடுமா? நாளை அவன் பள்ளிக்குத் திரும்பும்போது, அடிவாங்கி அழுதவன் இவன்தான் என்று வகுப்பே சிரிக்காதா?

அப்போதே அங்கிருந்து 1098 என்ற எண்ணுக்கு அழைத்தோம். கடை இருக்கும் இடத்தைச் சொன்னோம். அதிகாரிகள் சென்று பையனை மீட்டுக் குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்த்தார்கள். அந்தப் பதிவு விசாரணைக்காக அதிகாரிகளிடம் மட்டும் கொடுக்கப்பட்டது. பையனின் பெயரும் ஊரும் இவ்வுரையில் இடம்பெறா.

1098 என்பது 1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கி நாடெங்கும் பரவிய குழந்தைகள் உதவி எண். 2023 முதல் அரசே அதனை நேரடியாக நடத்துகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உங்கள் வீட்டுச் சுவரில், தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் இந்த எண்ணை எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வியுங்கள்.

இத்தகைய படம் கைக்கு வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது உண்மையா? செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் பணிக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், வேறு நாட்டில் எடுத்த காட்சிகள் நம் ஊரில் நடந்தவை போலச் சுற்றுகின்றன. இதனை நடவடிக்கை எடுக்கக் கூடியவரிடம் சொல்லிவிட்டேனா? இதில் இருப்பது என் பிள்ளையாக இருந்தால் பரப்புவேனா? மூன்றாம் கேள்வி ஒன்றே நம்மில் பெரும்பாலோரின் விரலைத் தடுத்துவிடும்.

நம் வாசலில் நிற்கும் பிள்ளைகள்

ஜேடர்பாளையம் படுகை அணையில் பிரியும் ராஜா வாய்க்கால் கரும்பையும் வாழையையும் வெற்றிலைக் கொடியையும் செழிக்கச் செய்கிறது. அந்தக் கரும்பை வெல்லமாகக் காய்ச்சும் ஆலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வருகின்றனர். நம் பகுதி வெல்லம் பிலிக்கல்பாளையம் சந்தை வழியாக எங்கெங்கோ செல்கிறது. பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளோ, மொழி தெரியாத ஊரில் இருமடங்கு ஊமைகளாகின்றனர்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. பிறப்புச் சான்றிதழோ மாற்றுச் சான்றிதழோ இல்லை என்று கூறிச் சேர்க்கையை மறுக்க இயலாது. இதை அப்பெற்றோருக்கு எடுத்துச் சொல்லவும், பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அழைத்துச் செல்லவும் பட்டம் எதுவும் தேவையில்லை. இந்தி அல்லது உர்தூ அறிந்தவர் நம் ஜமாஅத்தில் இருப்பின், அந்த மொழி அவருக்கு வழங்கப்பட்ட அமானிதம். முஸ்லிம் பிள்ளையா என்று பார்க்க வேண்டாம். ஜெப் அம்மையார் குரல் கொடுத்தது எதிரி நாட்டுப் பிள்ளைகளுக்காக.

நம் வீட்டுக்குள்ளும் பார்வையைத் திருப்புவோம். படிப்பு ஏறவில்லை என்று பையனை வெளியூர்க் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 14 வயது நிரம்பாதவரைக் கடையிலோ தொழிற்கூடத்திலோ வேலைக்கு வைப்பது குற்றமாகும். 18 வயது வரை அபாயமான தொழில்களில் அமர்த்தவும் கூடாது. நல்ல இடம் வந்திருக்கிறது என்று பத்தாம் வகுப்புப் பெண்ணின் படிப்பை நிறுத்தி நிகாஹ் பேசுகிறோம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வரையறுத்துள்ளது. வயதுச் சான்றைப் பார்க்காமல் நிகாஹ் பதிவேட்டைத் திறக்கக் கூடாது என்பதில் ஜமாஅத்துகள் உறுதியாக நிற்க வேண்டும். பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. நம் மக்தபில் ஓதும் பிள்ளையின் முதுகு மட்டும் வேறு தோலால் ஆனதா?

இளைஞர்களுக்கு

இத்துறையில் பணியாற்ற விரும்பும் பிள்ளைகளே! பிள்ளையின் கதையை எழுதும்போது, முதலில் அப்பிள்ளையிடமும் பெற்றோரிடமும் அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் பெயரையும் முகத்தையும் மறையுங்கள். கண்ணீரைக் காட்டி நன்கொடை திரட்டுவது எளிது. அப்பிள்ளை வளர்ந்து, தன் படத்தைத் தானே காணும் நாள் ஒன்று வரும். அந்நாளில் அது தலைநிமிர்ந்து நிற்கும்படி எழுதுங்கள். ஒரு பிள்ளையின் துயரை எழுதுவதோடு நிற்காமல், எந்தச் சட்டம் மீறப்பட்டது, எந்த அலுவலகம் செயல்பட வேண்டும், எந்த விதி மாற வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மதீனாவில் ஒரு பிள்ளையின் அழுகை எல்லாப் பிள்ளைகளுக்கும் மானியமானது அப்படித்தான்.

பெற்றோர்களே! இவ்வேலைக்கு ஊதியம் குறைவாக இருக்கலாம். அலைச்சல் மிகுதியாக இருக்கலாம். ஆனால் மறுமையில் கேட்கப்படவிருக்கும் ஒரு கேள்விக்கு இம்மையிலேயே பதில் தேடும் வேலை இது. உங்கள் மகனோ மகளோ இதைத் தேர்ந்தெடுத்தால் தடுக்காதீர்கள். துஆச் செய்து அனுப்புங்கள்.

தொழுகையில் நிற்கும்போது குழந்தையின் அழுகை கேட்டால், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அழுகையைக் கேட்கும் அந்தச் செவியை நமக்கும், நம் சந்ததியினருக்கும் அல்லாஹு தஆலா தந்தருள்வானாக! நாவற்றவர்களுக்காகப் பேசும் துணிவையும், பேசும்போது அவர்களின் மானத்தைக் காக்கும் பேணுதலையும் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!